விழாது காத்தலும் கட்டாது காத்தலும்

இல்லறத்தார்க்கு ஆசாரியர்கள் வகுத்தருளிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்தைக் கறைப்படுத்தும் அதிசாரங்கள் ஐந்து என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டுகிறார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கொணாச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றுள் முதலில் நிற்பது கட்டி வைத்தல் என்பது கருதத்தக்கது. இதனைப் படிக்குந்தோறும் நம் மனக்கண்முன் தோன்றுவன தொழுவத்து மாடும் கூண்டுக் கிளியுமே. நம் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்திருக்கும் மூத்தோர் தோன்றுவதில்லை. அவர்களை நாம் அன்போடு அன்றோ வைத்திருக்கிறோம் என்று எண்ணி அமைதி கொள்கிறோம். அந்த அமைதி தகுமா என்பதே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பணியின் பொருட்டுத் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் வந்து குடியேறியவர் மகன். எண்பதைக் கடந்த தாய் உடன் இருக்கிறார். விடியலில் எழுந்து நீராடி, ஜபம் முடித்து, தெருக்கோடி வரை நடந்து வருவது அவ்வம்மையாரின் வழக்கம். அதே மாவட்டத்தில் பழநிக்கு அருகில் உள்ள ஐவர்மலைக்கு ஒருமுறை சென்று, பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். கி.பி. 870 ஆம் ஆண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு அங்கு உள்ளது என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். மழை நாளொன்றில் கொல்லைப்புறத்தில் கால் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு மட்டும் வீங்கிற்று. அன்று முதல் வீட்டின் ஒழுங்கு மாறிவிட்டது. உணவு கட்டிலுக்கே வருகிறது. தெருக்கதவு தாழிடப்படுகிறது. "எழுந்திருக்காதீங்கம்மா, எது வேணும்னாலும் ஒரு குரல் கொடுங்க" என்று மகனும் மருமகளும் பேரரும் மாறி மாறிச் சொல்கின்றனர். ஐவர்மலைப் பேச்சு நின்று போயிற்று. கயிறு கொண்டு யாரும் அவரைக் கட்டவில்லை. ஆயினும் அவர் கட்டுண்டவர் அல்லர் என்று துணிந்து சொல்ல இயலுமா?

இக்கேள்வியை ஆத்தூரில் வைத்து எழுப்புவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947 இல் தோற்றுவித்த காந்திகிராமம் ஆத்தூர் வட்டாரத்தைச் சேர்ந்தது. 1959 இல் அங்கிருந்து தொடங்கப்பட்ட முன்னோடிச் சுகாதாரத் திட்டம், இவ்வட்டாரத்து ஊர்களில் தாய்சேய் நலத்தையும் குடும்பநலத்தையும் வீடுதோறும் கொண்டு சென்றது. நாட்டிலேயே முந்திப் பிறப்பு விகிதம் குறைந்த சிற்றூர்ப் பகுதிகளுள் ஒன்றாக ஆத்தூர் பேசப்பட்டது. அன்று இளம் தாய்மாராக இருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர். ஐந்தாறு மக்கள் பகிர்ந்து செய்த பணியை இன்று ஒருவரோ இருவரோ செய்ய வேண்டியுள்ளது. தமிழ்நாட்டு மக்களுள் அறுபது வயது கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர் என்ற அளவில் இருந்தனர். 2021 இல் இது 13.6 சதவீதமாக உயரும் என மதிப்பிடப்பட்டது. ஆதலின் மூத்தோர் தடுமாற்றம் என்பது ஒரு வீட்டின் கவலையன்று. நம் சமூகம் முழுவதன் கவலையுமாகும்.

நிற்பது எங்ஙனம்?

மனிதன் இரு கால்களில் நிற்பது எளிய செயல் போல் தோன்றினும் அது மூன்று புலன்களின் கூட்டுப் பணியாகும். கண் சூழலைக் காட்டுகிறது. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்களும், நுண்ணிய சுண்ணப் படிகங்களைத் தாங்கிய பைகளும் தலையின் அசைவையும் சாய்வையும் உணர்த்துகின்றன. பாதம், கணுக்கால், முழங்கால், கழுத்து ஆகியவற்றின் தசைகளும் மூட்டுகளும் உடலின் நிலையை மூளைக்கு அறிவிக்கின்றன. இம்மூன்று செய்திகளையும் ஒப்பிட்டு, நொடிதோறும் தசைகளுக்கு ஆணையிட்டு, மூளை உடலை நிறுத்துகிறது. அசையாது நிற்பதாக நாம் எண்ணும்போதும் உடல் சிறிது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஆடுந்தோறும் திருத்தப்படுகிறது. காயோத்சர்க்கத்தில் நின்று பழகியோர் இவ்வுண்மையைத் தாமே உணர்ந்திருப்பர். கண்ணை மூடிய கணத்தில் ஆட்டம் மிகுவதையும் கண்டிருப்பர்.

முதுமையில் இம்மூன்றும் ஒருங்கே தளர்கின்றன. கண்ணில் புரை படர்கிறது. உட்செவியின் உணர்வு மழுங்குகிறது. நீரிழிவு உடையார்க்குப் பாதத்தின் தொடுவுணர்வு மங்குகிறது. தொடைத் தசை மெலிவதால், இடறிய காலைப் பின்தொடர்ந்து மறுகாலை விரைந்து முன்வைக்க இயலாது போகிறது. இளையோர் இடறினால் இரண்டடி ஓடி நின்றுவிடுவர். மூத்தோர் இடறினால் விழுந்துவிடுவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததன் காரணமாகவே உயிரிழக்கின்றனர். அவருள் மூத்தோரே மிகுதி.

ஆராய்ச்சி கண்ட உண்மை

நம் மாநிலத்தில் முதியோர் மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு 1978 இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அதற்கு அடிகோலியவர் டாக்டர் வ.செ. நடராஜன். முதுமை வேறு, நோய் வேறு. வயதாகிவிட்டது என்று சொல்லி நோயைக் கவனியாது விடுதல் தவறு என்பதைத் தமிழ் மக்களிடையே பேச்சாலும் எழுத்தாலும் பரப்பியவர் அவர். 2012 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024 இல் சென்னை கிண்டியில் முதியோருக்கெனவே தேசிய அளவிலான மருத்துவமனை ஒன்றும் திறக்கப்பட்டது.

மூத்தோர் விழுவதை மட்டும் தனிப் பொருளாகக் கொண்டு ஆராய்ந்தோருள் முதன்மையானவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் மேரி டினெட்டி அம்மையார். 75 வயதும் அதற்கு மேலும் ஆகித் தம் வீடுகளில் வாழ்ந்த 336 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 1988 இல் அவர் தம் முடிபை வெளியிட்டார். மூவருள் ஒருவர் அவ்வாண்டில் விழுந்திருந்தனர். தூக்க மாத்திரை, நினைவுக் குறைவு, காலின் வலுக்குறைவு, பாத நோய், நடையிலும் நிலையிலும் தடுமாற்றம் போன்ற காரணங்கள் எவையும் இல்லாதவருள் விழுந்தோர் நூற்றுக்கு 8. நான்கோ அதற்கு மேலோ உடையவருள் 78. விழுதல் தற்செயலன்று, பல நிமித்தங்கள் கூடியதன் பயன் என்பது இதனால் விளங்கிற்று. நிமித்தம் பலவாயின் அவற்றுள் சிலவற்றையேனும் நீக்கலாம் என்பதும் உடன் விளங்கிற்று.

1994 இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு அதனை மெய்ப்பித்தது. 70 வயது கடந்த 301 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மாத்திரைகளைச் சீர்செய்து, எழுந்து நிற்கையில் குருதியழுத்தம் குறைவதைக் கவனித்து, காலுக்கு வலுவூட்டும் பயிற்சியும் நடைப் பயிற்சியும் அளித்தனர். ஓராண்டில் அப்பிரிவில் 35 சதவீதத்தினர் விழுந்தனர். மற்றதில் 47 சதவீதத்தினர். இவ்வழியில் பின்னர் உலகெங்கும் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளிவந்த அறிக்கை, உடற்பயிற்சியால் மட்டுமே விழும் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என உறுதி செய்தது.

நம் கேள்விக்கு மிக அணுக்கமானது அவருடைய 1992 ஆம் ஆண்டு ஆய்வு. அந்நாட்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களில், விழாமல் இருக்கும்பொருட்டு மூத்தோரை நாற்காலியோடும் கட்டிலோடும் வாரிட்டுப் பிணைக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவியிருந்தது. அவ்வாறு பிணைக்கப்பட்டோரையும் பிணைக்கப்படாதோரையும் அவர் ஒப்பிட்டார். விழுந்து கடுங்காயம் உற்றோர், பிணைக்கப்படாதவருள் நூற்றுக்கு 5, பிணைக்கப்பட்டவருள் 17. முன்னரே தளர்ந்தவர்களையே பெரிதும் பிணைப்பர் என்பது உண்மை. அத்தளர்ச்சியையும் கணக்கிற்கொண்டு பார்த்தபோதும் கட்டு அவர்களைக் காத்ததாகத் தெரியவில்லை. கட்டுண்ட கால் மெலிகிறது; மெலிந்த கால் அவிழ்த்த அன்று விழுகிறது. கட்டி வைத்தலை ஹிம்சையின் வாயிலாக முதலில் வைத்து எண்ணிய ஆசாரியரின் நோக்கு எத்துணை நுட்பமானது என்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

வினைப்பயன் என்று விடலாமா?

இனி, நம்மவர் எழுப்பும் இரு தடைகளை ஆராய்வோம். "ஆயுள் கருமம் இத்துணை என்று அமைந்துவிட்டது, வேதநீய கருமம் வந்து ஊட்டியே தீரும், நாம் என்ன செய்ய?" என்பது முதல் தடை. இது பணிவுடைய சொல் போல் தோன்றினும் ஆகமத்துக்கு ஒத்ததன்று. எவருடைய ஆயுள் இடையில் குறைவுபடாதது என்பதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாய இறுதி வரையறுத்துக் கூறுகிறது. தேவரும் நாரகரும், அப்பிறவியிலேயே வீடுபேறு எய்தும் உத்தம உடலினரும், எண்ணிறந்த ஆண்டு வாழ்நாளுடைய போகபூமியினருமே அவர். நம் போன்றோர் ஆயுள் நஞ்சு, படை முதலிய புற நிமித்தங்களால் முன்னரே முடியக்கூடும் என்பது இதனால் பெறப்படும். ஈரமான குளியலறைத் தரையும் அத்தகைய புற நிமித்தமே. அதனைத் துடையாது விட்டவர் வினையின் மேல் பழி போடுதல் ஒவ்வாது. அசட்டையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்பது நம் நூல்களின் வரையறை. விழுந்தவருடைய வினை அவரைச் சேரும். நம் அசட்டை நம்மைச் சேரும்.

உடலைப் பேணுதல் பற்றாகுமா?

"இவ்வுடல் என்றேனும் கழியக்கூடியது. சல்லேகனையைப் போற்றும் நாம், எண்பது வயதில் காலுக்குப் பயிற்சியும் கைக்குப் பிடியும் தேடுதல் உடற்பற்று ஆகாதா?" என்பது இரண்டாவது தடை. இது ஆழமுடையது, எளிதில் தள்ளத்தக்கதன்று.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்குரிய காலத்தை வரையறுக்கும்போது, இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றைச் சொல்லி, அவை மாற்றுவழி அற்றவையாதல் வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறார். மாற்றுவழி உள்ளபோது அதனைச் செய்யாதிருத்தல் துறவன்று, சோம்பலாகும். தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் மாற்றுவழி உண்டு என்பதை மேலே கண்டோம்.

மேலும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவரின் நிலையை எண்ணுக. வலி ஓயாது, படுக்கைப் புண் வரும், பிறரை எதிர்பார்த்தே ஒவ்வொரு தேவையும் நிறைவேற வேண்டும். வலியையே நினைந்து நினைந்து மனம் கலங்கும் அந்நிலையே ஆர்த்த தியானம் எனப்படுவது. பஞ்ச நமஸ்காரத்தை நாவிலும் நெஞ்சிலும் ஏந்தி அமைதியாக உடலை விடுவதே நாம் வேண்டும் சமாதி மரணம். வழுக்கி விழுந்த ஒரு நொடி அந்த அமைதியைப் பறித்துவிடக்கூடும். ஆதலின் காலை உறுதியாக வைத்துக் கொள்ளுதல் உடலின் மீதுள்ள பற்றால் அன்று. உடலை உரிய காலத்தில் உரிய முறையில் விடுதற்கு வேண்டிய தகுதியைக் காத்துக்கொள்ளுதலேயாம்.

ஐந்து சமிதிகளுள் முதலாவதான ஈரியா சமிதியும் இங்கு நினையத்தக்கது. முனிவர் பகலொளியில், மக்கள் நடந்து பழகிய வழியில், நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி, அவசரமின்றி அடியெடுத்து வைப்பர். சிற்றுயிர்க்கு ஊறு நேராமைக்காக அமைந்த அந்நெறி, நடப்பவர் உயிருக்கும் அரணாதல் வெளிப்படை. ஒளி, அறிந்த வழி, நோக்கு, நிதானம் என்ற இந்நான்கையே இன்றைய முதியோர் மருத்துவரும் வேண்டுகின்றனர்.

தவமும் ஆற்றலும்

நம் குடும்பங்களுக்கே உரிய ஒன்றை மறைத்துப் பேசுதல் நன்றன்று. அஷ்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருக்கும் மூத்தோர் பலர். கதிர் மறைந்தபின் உணவு கொள்ளாமை நம் குலவழக்கம்; சிலர் நீரும் அருந்துவதில்லை. கோடைக்காலத்தில் இரவு முழுதும் நீரின்றி இருந்து, குருதியழுத்தத்துக்கான மாத்திரையும் உட்கொண்டவர், விடியலில் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் மூளைக்குச் செல்லும் குருதி குறைந்து தலை சுழலும்; விழுந்துவிடுவர். நீரிழிவு மாத்திரை உண்போர்க்கு உபவாச நாளில் இன்னலின் அளவு மேலும் பெரிது.

இதற்காக விரதத்தைக் கைவிடுக என்று நாம் சொல்லவில்லை. தீர்த்தங்கர நாம கருமத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தியாகத்தையும் தவத்தையும் கூறும்போது, ஆற்றலுக்கேற்ப என்ற சொல்லை ஆசாரியர் சேர்த்தே வைத்துள்ளார். ஆற்றலை மறைத்தலும் குற்றம். ஆற்றலை மீறுதலும் குற்றம். எண்பதில் முழு உபவாசத்தை ஏகபுக்தமாக மாற்றிக்கொள்வது விரதபங்கம் ஆகாது. விரத நாளில் எம்மாத்திரையை எவ்வளவு கொள்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். மாலை கதிர் மறைவதற்கு முன்னரே போதிய நீர் அருந்துதல், விடியலில் எழுந்து சற்று நேரம் படுக்கையிலேயே அமர்ந்து பின் நிற்றல் ஆகிய இரண்டும் எந்த விரதத்துக்கும் மாறானவை அல்ல.

செய்யத்தக்கன

வீட்டில் செய்யத்தக்கன மிகுதியான செலவுடையன அல்ல. குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் கைப்பிடி, பாசி படியாத சொரசொரப்பான தரை, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவில் மங்கலான விளக்கு, உயர்ந்த வாசற்படிக்கு அடையாளமாக வண்ணக்கோடு, தரையில் சுருண்டு கிடக்கும் மிதியடிகளை அகற்றுதல், காலுக்குப் பொருந்தும் செருப்பு, புடைவையும் வேட்டியும் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி உடுத்தல் ஆகியன போதும். ஆண்டுக்கொருமுறை மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டி, வேண்டாதவற்றை நீக்கக் கேட்கலாம். கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொள்வதால் விழும் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக இங்கிலாந்தில் 2005 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஆத்தூர்ப் பகுதியினர்க்கு எட்டாத் தொலைவில் இல்லை. உறுதியான நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் சில நொடி நிற்றல், கையூன்றாது நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல் போன்ற பயிற்சிகளை, முதலில் ஒருவர் துணை நிற்க, நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகலாம்.

ஜினாலய நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கால் கழுவிய ஈரத்தோடு வழவழப்பான கல் தரையில் ஏறுகிறோம். அபிஷேக நாளில் நீரும் பாலும் தரையில் பரவுகின்றன. மூத்தோர் நிற்கும் இடத்தில் கயிற்றுப்பாய் விரித்தல், படிகளின் இருமருங்கும் கைப்பிடி அமைத்தல், சுவரோரம் சில இருக்கைகள் இடுதல் ஆகியவற்றைத் திருப்பணியின் ஒரு பகுதியாகக் கொள்ளலாகாதா? புதிய பளிங்குக்கு நன்கொடை தருவோர் பலர். கைப்பிடிக்குத் தருவோரும் முன்வர வேண்டும்.

எஞ்சி நிற்கும் கேள்வி

இவை எல்லாம் செய்த பின்னரும் மூத்தோர் விழக்கூடும். டினெட்டி அம்மையாரின் ஆய்வில் எல்லா உதவியும் பெற்ற பிரிவிலும் நூற்றுக்கு 35 பேர் விழுந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. ஆகவே, முதியவர் ஒருவரை நடக்க விடுதல் என்பது ஓரளவு இடரை ஏற்றுக்கொள்ளுதலே. அவ்விடரை ஏற்கும் உரிமை யாருக்கு உண்டு? இங்கு அநேகாந்த நோக்கு நமக்குத் துணையாகும். மகனுடைய அச்சத்தில் அன்பு உண்டு. விழுந்தால் மருத்துவச் செலவையும் இரவுக் கண்விழிப்பையும் ஏற்பவர் அவரும் அவர் மனைவியுமே. தாயின் விருப்பத்தில் வாழ்வின் பொருள் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் மெய்யென்று பற்றினால் மற்றதற்கு ஹிம்சை நேரும். நினைவு தவறித் தெருவில் வழிதெரியாது திகைப்பவரைக் கதவடைத்துக் காத்தல் கடமையாகலாம். தெளிந்த அறிவுடையவரிடம் அங்ஙனம் செய்தல் தகாது. அவரை அருகமர்த்தி, இடரைச் சொல்லி, அவர் முடிபைக் கேட்டு, அம்முடிபுக்குத் துணை நிற்பதே முறை. கதவைத் தாழிடுதல் ஒரு நொடியில் முடியும்; கைபிடித்துத் தெருக்கோடி வரை உடன் நடப்பதற்கு அரைமணி வேண்டும். நம்மிடம் இல்லாதது பெரும்பாலும் அந்த அரைமணியே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மூத்தோரின் பாதுகாப்பு என்று நாம் பெயரிட்டு அழைப்பதில் நம் வசதி எத்துணை கலந்துள்ளது என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும்.

விழுவதினும் விழுவோமோ என்ற அச்சம் பெரிய நோய். அவ்வச்சத்தை அளப்பதற்கென்றே டினெட்டி அம்மையார் 1990 இல் ஓர் அளவுகோல் வகுத்தார். நீராடுதல், உடுத்தல், வீட்டைச் சுற்றி நடத்தல் போன்ற எளிய செயல்களை விழாமல் செய்ய முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதே அதன் வினா. அஞ்சியவர் நடை குறைகிறது. நடை குறையத் தசை குறைகிறது. தசை குறைய விழுதல் உறுதியாகிறது. "விழுந்துடுவீங்க, விழுந்துடுவீங்க" என்று நாள்தோறும் சொல்லி நாம் ஊட்டுவது இவ்வச்சத்தையே. அன்னம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்று நாம் போற்றும் நால்வகைத் தானங்களுள் முதல் மூன்றையும் நம் மூத்தோர்க்குக் குறைவறச் செய்துவருகிறோம். நான்காவதை அவர்கள் நம்மிடம் வாய்விட்டுக் கேட்பதில்லை. "நடங்கம்மா, நான் கூட இருக்கிறேன்" என்ற சொல்லே அத்தானம்.

அறம் வளர்க.